காலியாகப் போன முன்சீட்டு

கிளாத்தென்,
மழை தொடங்கிய வாரம்.

அன்புத் தம்பி ஹர்தோனோவுக்கு,

அண்ணன் சுவிக்ன்யோ எழுதுவது. உன் கண் அறுவை நல்லபடியாக ஆறி, இந்த எழுத்துகள் உனக்கு ஒன்றை ஒன்று மோதாமல் தெரியும் நிலையில் கடிதம் வந்து சேர இறைவனை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் நலம். உன் அண்ணி வினர்சியின் முழங்காலும் நலம். அதைப் பற்றிக் கீழே விரிவாக வரும்.

சின்னக் கார் வாங்குவதா, ஏழு பேர் உட்காரும் பெரிய கார் வாங்குவதா, எதில் உள்ளே இடம் தாராளம், எதில் உட்கார்ந்தால் உடம்பு வலிக்காது என்று கேட்டிருந்தாய். விடை சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பது ஐயமே. ஆனால் முப்பத்தாறு ஆண்டு நில அளவை அலுவலகத்தில் இருந்தவன், அளக்க மட்டும் தெரியும். எனவே அளந்தேன். எங்கள் சின்னக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தால் முழங்காலுக்கும் முன்சீட்டின் முதுகுக்கும் நடுவே பதினாறு சென்டிமீட்டர். மகன் தனார் வாடகைக்கு எடுத்துவந்த பெரிய காரின் நடுவரிசையில் இருபத்தேழு. முன்சீட்டில் நாற்பத்தொன்று. கடைசி வரிசையில் ஒன்பது. அந்த ஒன்பதை நான் மூன்று முறை அளந்தேன், பிழை என் பக்கமோ என்று.

பெரிய கார் எதற்கென்றால், தனாருக்குப் பெண் கேட்டு மோதிரம் போடத் தெகல் போக வேண்டியிருந்தது. மோதிரத்தைப் பெண்ணின் விரலில் போட வேண்டியவள் பிள்ளையின் தாய். நம்மவர்கள் நின்றபடிதான் போடுவார்கள். வினர்சிக்கு முழங்கால் மாற்றி நான்கு மாதம்தான் ஆகிறது. வழியெல்லாம் காலை நீட்டி வைத்திருக்காவிட்டால் இறங்கும்போது நிற்க முடியாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். மருமகளுக்கு மோதிரம் போட மாமியாரை இருவர் தூக்கிப் பிடிப்பது நன்றாயிராது. ஆகவே ஒரு படம் வரைந்தேன். தனார் வண்டி ஓட்டுவான், பெரியண்ணன் சஸ்த்ரோ நம் சார்பில் பேசுபவர் என்பதால் முன்னால், நான் கடைசி வரிசையில் சீர்த்தட்டுகளோடு, நடுவரிசை முழுவதும் வினர்சியின் காலுக்கு. நீ வர முடியாமல் போனதில் எல்லோருக்கும் வருத்தம். படத்துக்கு மட்டும் அது உதவியாக இருந்தது.

காலை ஏழு மணிக்கு வாசலில் கிளம்பும் நேரம். பக்கத்து வீட்டு மர்னி அக்கா, ஓய்வுபெற்ற மருத்துவச்சி, வழியனுப்ப வந்தார். நம்மிடையே எப்படி என்று உனக்குத் தெரியும். கிளம்புகிறவன் கூட வரும்படி மூன்று முறை அழைக்க வேண்டும், நிற்கிறவர் மூன்று முறை மறுக்க வேண்டும், பிறகு இருவரும் நிம்மதியாகப் பிரியலாம். சின்னக் காருக்குப் பக்கத்தில் நின்று இதை எத்தனையோ ஆண்டு ஆபத்தின்றிச் செய்திருக்கிறேன். உள்ளே இடமில்லை என்பது அழைப்பவனுக்கும் தெரியும், அழைக்கப்படுபவருக்கும் தெரியும். அன்று இரண்டு முறை அழைத்தேன், இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை, “வாங்கக்கா, இடம் இருக்கு” என்றேன்.

அவர் குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். “ஆமாங்க, நெறையவே இருக்கே. பத்து நிமிஷம் குடுங்க, உடுத்திக்கிட்டு வந்துடறேன்.”

அந்தப் பத்து நிமிடத்தில் தெருத் தலைவர் துகிமானும் மனைவியும் வழியனுப்ப வந்தார்கள். ஒருவரை அழைத்துவிட்டு அவர்களை அழைக்காமல் இருப்பது எப்படி? அழைத்தேன். வினர்சி என்னைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு ஆண்டாக அவள் ஒன்றும் சொல்வதில்லை.

ஏழு பேர், ஏழு இருக்கை. கணக்கு சரிதான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் பெரிய காரில் முன்சீட்டு என்பது மரியாதைக்குரிய இடம். பெரியண்ணன், முழங்கால் வலி உள்ளவர் உட்காரட்டும் என்றார். வினர்சி, மூத்தவர் இருக்க நான் எப்படி என்றாள். இருவரும் சேர்ந்து மர்னி அக்காவைக் கேட்க, அவர் வெட்கப்பட்டுத் துகிமானைக் காட்ட, துகிமான் கடைசி வரிசைக்கே ஏறிவிட்டார். கடைசியில் நடுவரிசையில் நால்வர், பின்னால் இருவர், முன்சீட்டில் ஒருவருமில்லை. அதன் நாற்பத்தொரு சென்டிமீட்டரில் சீருக்கு வாங்கிய வாழைத்தாரை வைத்து பெல்ட்டும் மாட்டினான் தனார். சலத்திகா தாண்டும்வரை, “யாராவது முன்னாடி வாங்களேன்” என்று கெஞ்சிக்கொண்டு வந்தான். மாப்பிள்ளைப் பையன், அதற்குமேல் பேசக் கூச்சம்.

கடைசி வரிசையில் என் முழங்கால், வெல்லம் போட்டுக் கிளறிய மெத்தென்ற அரிசி இனிப்பான வாஜிக் தட்டின் மேல். துகிமான் நல்ல மனிதர். “சார், ஒங்க காலத் தூக்கி என் மடியில போட்டுக்குங்க, நமக்குள்ள என்ன” என்றார். பெரியண்ணனோ, “இவன் அளந்து எடுத்த வண்டி. அளவெல்லாம் சரி, ஆளுதான் தப்பு” என்று எல்லோரும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதெல்லாம் பெரிதாகப்படவில்லை. நால்வர் நடுவே மடங்கிக் கிடந்த வினர்சியின் கால் மட்டும் தலைகளுக்கு இடையே தெரிந்தது. ஸெமாரங் வருவதற்குள் அவள் கை அந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டுவிட்டது. வண்டியை நிறுத்து என்று சொல்ல வாய் எடுத்தேன். மர்னி அக்கா மனம் நோகுமோ என்று மூடிக்கொண்டேன். இரண்டு முறை எடுத்து இரண்டு முறை மூடினேன்.

பாத்தாங்கில் தேநீருக்கு நிறுத்தினோம். மீண்டும் ஏறும்போது பழையபடி மரியாதை ஆரம்பமாயிற்று. நீங்கள் முன்னால், இல்லை நீங்கள், கால் மணி நேரம். வினர்சி கதவைப் பிடித்து நொண்டியபடி முன்பக்கம் போனாள். வாழைத்தாரை எடுத்துப் பெரியண்ணன் கையில் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்தாள்.

“நீங்க உக்காருங்கன்னு இனி யாரும் யாருக்கும் சொல்ல வேணாம். நான் உக்காந்தாச்சு. காலும் நீட்டியாச்சு. இன்னும் மரியாதை பாக்கி இருந்தா தெகல் போய்ச் செஞ்சுக்கலாம். தனார், வண்டிய எடு.”

பதினான்கு கிலோமீட்டர் போனோம். அதன் பிறகு பெரியண்ணன், “இவ பேசுவாளா?” என்று வாழைத்தாரைக் கேட்டார்.

தெகலில் அவள் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். நின்றபடியே பெண்ணின் விரலில் மோதிரம் போட்டாள். பெண்ணின் பெயர் ரெத்னோ, அடக்கமான பிள்ளை. வாஜிக்கில் என் இரண்டு முழங்காலும் பதிந்திருந்தன. பெண்வீட்டார் அதைக் கிளாத்தென் வழக்கம் என்று எண்ணி, மிக அழகான வடிவம் என்று பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

ஆகவே தம்பி, பலமுறை யோசித்து நான் வந்தடைந்த முடிவு: சின்னக் கார் வாங்கு. அதன் பதினாறு சென்டிமீட்டர் கடைசிவரை பதினாறாகவே இருக்கும். பெரிய காரின் இருபத்தேழு, வாசலை விட்டு நகர்வதற்குள் எவ்வளவாகும் என்று எந்த டேப்பும் சொல்லாது. இதில் தவறிருந்தால் மன்னிக்கவும்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். உன் கண்ணில் ஒளியும் உன் வீட்டில் அமைதியும் குறையாதிருக்கட்டும்.

அன்புள்ள அண்ணன்,
சுவிக்ன்யோ

பி.கு.: உறையில் இடுமுன் வினர்சி இதை வாங்கிப் படித்தாள். பெரிய கார்தான் வாங்க வேண்டும் என்று உனக்கு எழுதச் சொல்கிறாள். முன்சீட்டிலிருந்து பார்த்தால் சாலை, வயல், ஓரிடத்தில் கடல்கூடத் தெரிந்ததாம். இத்தனை ஆண்டும் நம் சின்னக் காரின் பின்சீட்டில் அவள் பார்த்தது என் பிடரியைத்தானாம். எங்கள் காரைத் துகிமானின் மைத்துனருக்கு விலை பேசிவிட்டாள், ஏழு பேர் காருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. எனவே மேலே எழுதியதை விட்டுவிடு. முன்சீட்டு அவளுக்கு. எனக்கு எந்த வரிசை என்று இன்னும் சொல்லவில்லை. கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.