கீழத்தெருவுக்குத் தண்ணீர் ஏறிய வரலாறு

நீரியல் சாத்திரத்தில் விடுபட்டுப்போன விதிகள் எல்லாம் காரைக்காலுக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. அது பெரிய புயலுக்கு அடுத்த வருஷமா, அதற்கும் அடுத்ததா, சரியாக நினைவில்லை. தலைமைப் பொறியாளரின் கோட்டு கறுப்பா நீலமா என்பதிலும் சந்தேகம் உண்டு. தண்ணீர் வரவில்லை என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

அந்த ஊர்க் கிணறுகள் எல்லாம் உப்பு. ஆகவே நல்ல தண்ணீர் தருவதற்காக ஓர் 'உயர்மட்டக் கூட்டம்' கூட்டப்பட்டது. தண்ணீர் உயர்ந்த மட்டத்திலிருந்துதான் ஓடும் என்பதால் கூட்டமும் மாடியில் நடந்தது.

தலைமைப் பொறியாளர் தியாகராசன் சைகோனில் பிறந்து பாரீசில் படித்தவர்; பிரெஞ்சு வழக்கப்படி எல்லோருக்கும் அவர் 'முசியே'. தமிழை அகராதியிலிருந்து நேரடியாக வரவழைத்துப் பேசுவார். வரைபடத்தில் விரலை வைத்தார்.

"இது மேலத்தெரு. இது கீழத்தெரு. தொட்டியை மேலத்தெருவில், தரையிலேயே கட்டுங்கள். தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். தூண் வேண்டாம், மோட்டார் வேண்டாம். மொழியே நமக்கு மட்டம் பார்த்துக் கொடுத்துவிட்டது!"

எல்லோரும் கைதட்டினார்கள். இளநிலைப் பொறியாளர் தெட்சிணாமூர்த்திக்கு மட்டும் கை எழவில்லை. இந்த ஊரில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. கிழக்கே கடல், கடலோரம் மணல்மேடு, அந்த மேட்டின்மேல்தான் கீழத்தெரு இருக்கிறது. மட்டக் கருவி வைத்து அளந்தவரே அவர்தான். கீழத்தெரு, மேலத்தெருவைவிட ஓர் ஆள் உயரம். சொல்லிவிட வாய் திறந்தார்.

மேசைக்கு அடியில் செயற்பொறியாளர் அவர் காலை மிதித்தார்.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்பது விதி. இலாகாவும் ஓர் அடைபட்ட பாத்திரம்தானே. காலில் கொடுத்த அழுத்தம் கொஞ்சமும் குறையாமல் வாய்க்கு வந்து அதை மூடியது.

"ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றார் முசியே.

தெட்சிணாமூர்த்தி இருமினார். 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டார்கள்.

திறப்பு விழாவில் மேலத்தெருக் குழாய் பிரமுகர்களின் வேட்டியை நனைத்தது. கீழத்தெருக் குழாய் 'புஸ்' என்றது. குடத்தோடு நின்ற சுல்தான் பீவி கேட்டாள்: "இன்ஜினியர் தம்பி, சாப்பிடாமலே ஏப்பம் விடுதே, இதுக்கு என்ன சீக்கு?"

"காத்துதான் அக்கா" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"காத்து எங்களுக்குக் கடல்லேருந்தே வருதே தம்பி. அதுக்குக் குழாய் எதுக்கு?"

விசாரணை வைத்தார்கள். பழி என்னும் திரவத்துக்கும் மோட்டார் தேவையில்லை; மேலிருந்து கீழே தானாக ஓடும். முசியேயிடமிருந்து புறப்பட்டு, செயற்பொறியாளரை நனைக்காமல் கடந்து, சுல்தான் பீவியின் புருஷன், குழாய் பிட்டர் பீர் மைதீனிடம் வந்து தேங்கியது. குழாய்களைத் தலைகீழாகப் பூட்டினார் என்பது குற்றச்சாட்டு.

"குழாய்க்குத் தலை ஏதுங்க?"

"அதைத்தானே விசாரிக்கிறோம்" என்றார் செயற்பொறியாளர்.

பீர் மைதீன் திரும்பினார். "தெட்சிணாமூர்த்தி சார், மட்டம் பாத்தது நீங்க, கோலைப் புடிச்சிக்கிட்டு நின்னது நான். ஒரு வார்த்தை சொல்லுங்க சார். வேலை போயிடும்."

மேல் என்றால் மேற்கு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அது தெட்சிணாமூர்த்தியின் தொண்டை வரை ஏறியது. அதற்கு மேல் ஏற அழுத்தம் போதவில்லை. பேசாமலே உபதேசித்த கடவுளின் பெயரைத் தாங்கியவர், அன்று கடவுளையும் மிஞ்சினார். கூரையில் விசிறி சுற்றியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பீர் மைதீனுக்கு வேலை போயிற்று. நாகூரில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினார். முசியே ஓய்வு பெற்று பாரீசுக்குப் போனார். தெட்சிணாமூர்த்தி, 'பக்குவமான அதிகாரி' என்ற பாராட்டோடு படிப்படியாக ஏறி, செயற்பொறியாளர் நாற்காலியை அடைந்தார். மேலத்தெருக் குழாயடியை ஜீப் கடக்கும்போதெல்லாம் அவருக்கு இருமல் வரும்.

கீழத்தெருவுக்குத் தண்ணீர் ஏறவே இல்லை என்று சிலர் வதந்தி பரப்புகிறார்கள். நம்ப வேண்டாம். தினமும் ஏறியது. சுல்தான் பீவியின் இடுப்புக் குடத்தில்.