ஆரஞ்சு விளக்கின் பின்னால்

"மண்வெட்டி இருக்கா?" என்று கேட்டார் மலைப்பாதைத் தடுப்புக் கட்டைக்காரர்.

ஹல்வார் கார்க் கண்ணாடியை இறக்கிய அந்த ஒரு நொடியிலேயே ஒரு கூடைப் பனி அவன் மடியில் வந்து விழுந்தது.

"இல்லீங்க. நாங்க ஒரு அடக்கத்துக்குப் போறோம்."

"அடக்கத்துக்குப் போறவங்கதான் முக்கியமா மண்வெட்டி கொண்டு போகணும்" என்று சொல்லிவிட்டு அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். முன்னால் ஹல்வாரின் மனைவி தூரிட், மடியில் ஒரு மலர்வளையம். பின்னால் மகள் எலினே, காலில் கறுப்பு வெல்வெட் செருப்பு. அவள் பக்கத்தில் தூரிட்டின் தம்பி யோஸ்டைன், கழுத்தில் யானைத் தும்பிக்கை நீளத்துக்குக் கேமரா.

"ஆஸ்லோவா?" என்றார். மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

"இல்லீங்க, நான் ஸ்கார்வோய்க்காரன். பேடரோட மகன்" என்று ஹல்வார் சொல்வதற்குள் அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். எங்கள் வடக்கில் பிறந்தவன் ஜனவரி மாதத்தில் வாடகை மின்சாரக் காரில், மண்வெட்டி இல்லாமல் மலை ஏற வருவதில்லை.

மலைமேல் புயல் அடித்தால் எங்கள் பக்கம் தனி வண்டி விடமாட்டார்கள். முன்னால் பனி வாரும் வண்டி ஆரஞ்சு விளக்கைச் சுழற்றிக்கொண்டு போகும். அதன் பின்னால் கார்கள், ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி. முன்னால் போகிற விளக்கை விடாதே என்பதுதான் விதி. அதை விட்டவனை வசந்த காலத்தில்தான் கண்டுபிடிப்பார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் ஸ்கார்வோய். ஒரு மணிக்கு அங்கே தேவாலயத்தில் ஹல்வாரின் அப்பாவுக்கு அடக்கப் பூசை. சவப்பெட்டியின் முன் கைப்பிடி மூத்த மகனுக்கு. மகன் வரவில்லையென்றால் பக்கத்து வீட்டு கோல்பியோர்ன் பிடிப்பான். அக்கா குன்வோர் இதைத் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்டா. நீ நேரத்துக்கு வந்து சேரு, அது போதும்."

அது போதும் என்பதுதான் அவனுக்குப் பெரிய பாடு. அப்பா மீன்பிடிப் படகைக் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தெற்கே போனவன் ஹல்வார். ஆஸ்லோவில் வீட்டுத் தரைக்கடியில் பதிக்கிற சூட்டுக் கம்பி விற்கிறான். "காலுக்குக் கீழ சூடு வேணும்னா காலுறை போட்டுக்கோ" என்றார் பேடர். மகன் கல்யாணம் செய்தான், வீடு கட்டினான், பிள்ளை பெற்றான். அவர் ஒரு தடவைகூட வரவில்லை. இப்போது கடைசியாக ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தது. அதையும் கோல்பியோர்னுக்குக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு ஊர் திரும்புவது?

கட்டை உயர்ந்தது. வரிசை நகர்ந்தது. ஹல்வாரின் கார்தான் கடைசிக்கு முந்தியது. பின்னால் பனி அப்பிய ஒரு வேன் மட்டும்.

"மச்சான், ஹீட்டரை அணைச்சிருங்க" என்றான் யோஸ்டைன். "பேட்டரி சர்ருனு இறங்குது. நான் படிச்சிருக்கேன்."

"மின்சாரக் கார் எடுன்னதும் நீதான்."

"அது பூமிக்காக. இது நமக்காக."

ஹீட்டரை அணைத்தான். நாலு பேர் மூச்சும் கண்ணாடியின் உள்பக்கம் உறைந்து வெள்ளைத் திரையாகிவிட்டது.

"ஏங்க, ரோடு தெரியுதா?" என்றாள் தூரிட்.

"எனக்கு உன்னையே தெரியல."

"கொஞ்சம் கண்ணாடியை இறக்குங்க மச்சான், உள்ள வெளிய சமமாயிரும்" என்றான் யோஸ்டைன். இறக்கினான். சமமாகிவிட்டது. மலர்வளையத்து ரோஜாக்கள் விறைத்து, தொட்டால் பீங்கான் மாதிரி சத்தம் போட்டன. எலினே வெல்வெட் செருப்புக் கால்களை மாமாவின் கேமராப் பைக்குள் நுழைத்துக்கொண்டாள்.

"அப்பா, தாத்தா ஏன் நம்ம வீட்டுக்கு வந்ததே இல்ல?"

"குளிரு ஒத்துக்காதுன்னு" என்றான் யோஸ்டைன்.

"டேய், வாய மூடு" என்றாள் தூரிட். ஹல்வார் முழங்கையால் கண்ணாடியைத் தேய்த்தான்.

மலை உச்சியில் ஓர் அகலமான இடத்தில் எல்லா வண்டிகளும் நின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வரிசை வரவேண்டும். வந்ததும் பனி வாரும் வண்டிகள் இரண்டும் வரிசையை மாற்றிக்கொள்ளும். அதது தன் பக்கத்து அடிவாரத்துக்குத் திரும்பிவிடும். இது எங்கள் பக்கத்து ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். ஹல்வாருக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. ஆஸ்லோவில் இருபது வருஷம் சூடான தரையில் நடந்ததில் கரைந்துவிட்டது.

அவன் இறங்கி முன்விளக்கில் அப்பிய பனியைச் சுரண்டிவிட்டு ஏறுவதற்குள் எதிர் வரிசை வந்து சேர்ந்து, ஓர் ஆரஞ்சு விளக்கு நகர ஆரம்பித்திருந்தது.

"அதோ நம்ம ஆளு! போறாரு பாருங்க, விட்டுறாதீங்க!" என்று கத்தினான் யோஸ்டைன்.

"அது நம்ம வண்டிதானா?"

"நம்மளைக் கூட்டிட்டு வந்ததே அதுதானே மச்சான்! நம்பர் வரைக்கும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன்."

அதே வண்டிதான். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஹல்வார் அதை ஒட்டிக்கொண்டு போனான். பின்னால் வேனின் விளக்கும் விடாமல் தொடர்ந்து வந்தது. இறக்கம் வந்தது. கடல்பக்கம் இறங்குகிறோம் என்று எல்லோருக்கும் நிம்மதி. யோஸ்டைன் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தான். கல்லைக் கடிப்பது போலக் கடித்தார்கள்.

அடிவாரத்தில் கட்டை உயர்ந்தது. பக்கத்தில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

"மண்வெட்டி கிடைச்சுதா?" என்று கேட்டார்.

எலினே கண்ணாடியைச் சுரண்டிவிட்டு வெளியே பார்த்தாள்.

"அப்பா, இது அதே ஆளு" என்றாள் எலினே.

அடுத்த வரிசைக்கு மதியம் இரண்டு மணியாகும் என்றார் கட்டைக்காரர். ஹல்வார் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அது ஹாரனில் பட்டு நீளமாக ஒலித்தது. பின்னால் நின்ற வேனிலிருந்து ஒரு ஆள் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். வடக்கில் கலைமான் மேய்க்கும் சாமி இனத்தவர், ஐம்பது வயதிருக்கும், பெயர் அஸ்லாக் என்றார்.

"கூப்பிட்டீங்களா?"

"இல்லீங்க. தலை பட்டுருச்சு."

"நீங்க வழி தெரிஞ்சு போறீங்கன்னு நெனச்சேன். மேல எனக்கு என் வைப்பரே தெரியல, உங்க சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிஞ்சுது."

"மன்னிச்சுக்குங்க. என்னால உங்களுக்கும் தாமதம்."

"பரவால்ல. வழின்னா அப்படித்தான்."

"என்ன சரக்கு?" என்று பின்னாலிருந்து கேட்டான் யோஸ்டைன்.

அஸ்லாக் ஒரு நொடி யோசித்தார். "மரச் சாமான்."

"யாராவது வீடு மாத்தறாங்களா?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்."

ஒரு மணிக்குச் சற்று முன்னால் ஹல்வார் அக்காவைப் போனில் கூப்பிட்டான். புயலில் குரல் கிழிந்து கிழிந்து வந்தது.

"அக்கா, நான் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கேன். ஒரு மணிக்கு வர முடியாது. கோல்பியோர்னையே..."

"தெரியும்டா, மலைப்பாதைச் செய்தி ரேடியோவுல வந்துச்சு. எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. பாதிரியார் ஆரம்பிக்க மாட்டேன்னுட்டார். காத்திருக்கோம். பதறாம வா."

இணைப்பு அறுந்தது. ஹல்வார் போனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். கண்ணில் வந்த நீர் பாதிக் கன்னத்தில் நின்றுவிட்டது.

"என்னங்க சொன்னாங்க?"

"காத்திருக்காங்களாம் தூரிட். ஊரே காத்திருக்காம். படகை வேண்டாம்னு போனவனுக்காக."

"அப்பா அழுறாரு" என்றாள் எலினே.

"அழல. கண்ணு உறையுது."

மறுபடி கட்டை உயர்ந்தது. இந்தத் தடவை ஹல்வார் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. ஹீட்டரைப் போட்டான். பேட்டரி சரிந்தது. பரவாயில்லை என்றான். பாதி ஏற்றத்தில் காற்று ஒரு முட்டு முட்டியது. கார் அலுங்காமல் நழுவி ஓரப் பனிக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டது.

"வண்டியை லேசாக்கணும் மச்சான், எல்லாரும் இறங்குவோம்" என்றான் யோஸ்டைன். இறங்கினார்கள். ஹல்வாரின் வலது கால் இடுப்பு வரை பனிக்குள் போனது. வெளியே வந்தபோது கறுப்பு ஷூ இல்லை. அடக்கத்துக்கென்றே வாங்கிய ஷூ அது. கையால் தோண்டிப் பார்த்தான். இன்னும் ஆழமாகப் போய்விட்டது. தூரிட் பையைத் துழாவி எலினேயின் கம்பளிக் காலுறை ஒன்றை நீட்டினாள். இளஞ்சிவப்பு நிறம். அதில் கலைமான் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

அஸ்லாக் கயிறு போட்டுக் காரைப் பின்னுக்கு இழுத்தார். முன்னால் போன விளக்குகள் மங்கிக்கொண்டிருந்தன.

"சீக்கிரம், சீக்கிரம். விளக்கை விட்டா நாம அத்தனை பேரும் இங்கதான்" என்றார். நாலு பேரில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எலினேயின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"புள்ளைய மட்டும் உங்க வண்டியில ஏத்திக்கறீங்களா?" என்றாள் தூரிட். "பின்னாடி படுத்துக்கட்டும்."

"பின்னாடி வேணாம்மா" என்றார் அஸ்லாக் அவசரமாக. "முன் சீட்டுல உக்காரட்டும். சூடா இருக்கு."

எலினே வேனில் ஏறிக்கொண்டாள். ஹல்வார் முன்னால் போனான், வேன் பின்னால் வந்தது. உச்சியில் வரிசை மாறியபோது பத்துத் தடவை விசாரித்துவிட்டுத்தான் அடுத்த ஆரஞ்சு விளக்கைப் பிடித்தான். யோஸ்டைன் ஒரு யோசனையோடு வாயைத் திறந்தான். தூரிட் அதில் ஒரு ரொட்டியைத் திணித்தாள்.

இறக்கத்தில் பேட்டரிக் காட்டி பூஜ்யத்தைத் தொட்டது. கார் மலையின் தயவில் உருண்டு, ஊருக்குள் நுழைந்து, தேவாலய வாசலில் தானாகவே நின்றது. வேனும் பின்னால் வந்து நின்றது.

கதவுகள் திறந்தன. கறுப்பு உடையில் ஊரே வெளியே வந்து படிகளில் நின்றது. காற்றில் தொப்பிகளைக் கையில் பிடித்தபடி ஆண்கள், கைக்குட்டையோடு பெண்கள். அவன் சின்ன வயதில் மீன் அள்ளிய கைகள், அவன் போனபின் அவன் பேரையே எடுக்காத வாய்கள். மணி அடிக்க ஆரம்பித்தது.

ஹல்வார் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் கலைமானுமாக இறங்கிக் கைகளை விரித்தான்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றான். "இந்தக் குளிர்ல, எனக்காக, இவ்வளவு நேரம்... இதுக்கு நான் தகுதி இல்ல. அப்பா இருந்தா இப்படிக் காத்திருக்க விட்டிருக்க மாட்டாரு..."

குன்வோர் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். காலுறையைப் பார்த்தாள்.

"வந்துட்டியா. சரி, நகரு, வழிய விடு."

கோல்பியோர்னும் இன்னும் நாலு பேரும் படியிறங்கி வந்தார்கள். கோல்பியோர்ன் அவன் தோளைத் தட்டினான். "வாடா. முன் கைப்பிடி உனக்குத்தான். நான் உனக்குப் பின்னாடி."

ஹல்வார் தலையாட்டிவிட்டுத் தேவாலயத்தைப் பார்த்து நடந்தான். நாலு படி ஏறியபின் திரும்பினால் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவர்கள் வண்டிகள் நின்ற வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, எங்க போறாங்க? அப்பா உள்ளதானே இருக்காரு?"

அக்காவும் வாசல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எலினே வேனின் முன் சீட்டிலிருந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டு இறங்கினாள். அஸ்லாக் பின்கதவில் அப்பிய பனியைக் கையால் வழித்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார். பிறகு ஹல்வாரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் பேடரோட மகனா? தெரியாமப் போச்சே... ஆஸ்பத்திரியிலேருந்து என் வண்டியில வர்றது அவர்தான், மேல நீங்க தப்பா திரும்பினப்பக்கூட உங்க அப்பா உங்களை விட்டுட்டுப் போகலீங்க."