சர்வர் பாயும் ஒரு வஞ்சிரத் துண்டும்

காரைக்காலில் ஒரு வாக்கியத்தைக்கூடக் கடைசி வரை கேட்காமல் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரே மனிதர் எங்கள் சர்வர் பாய்தான். நீங்கள் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். என்ன புரிந்தது என்பதில்தான் சிக்கல்.

சர்வர் என்றதும் தோளில் துண்டும் கையில் தோசைத் தட்டும் நினைவுக்கு வருகிறதா? அவர் தெருக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வளைகுடாவில் பல வருஷம் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் அக்கறையாக, "பாய், எந்த..." என்று ஆரம்பித்தாராம். "எந்த ஓட்டல்ல வேலை?" என்று கேட்க வந்தவர் அவர். பாய் அதற்குள், "திருநள்ளாறு பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்கும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். அந்தச் சந்தேகம் இன்று வரை தீரவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடம் சின்னது. கடல் மீன்களின் மரபணுவைப் படிப்பது எங்கள் வேலை. மீன் சதையில் ஒரு துளி எடுத்து மெஷினில் கொடுத்தால், சில நாள் கழித்து எழுத்து எழுத்தாக ஒரு நீண்ட வரிசை வரும். அந்த வரிசை உலகத்தில் ஏற்கெனவே தெரிந்த எந்த உயிரோடு பொருந்துகிறது என்று தேடிச் சொல்வது சர்வர். படிப்பதற்கு நாள் கணக்கு. தேடுவதற்குக் கண் சிமிட்டும் நேரம். அந்தக் கண் சிமிட்டல்தான் பாயின் வாழ்நாள் பெருமை. வெளியூர்க் கல்லூரிகளிலிருந்தும் எங்கள் சர்வரில்தான் தேடுவார்கள்.

நெரவியிலிருந்து பஸ் ஏறி வந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த என்னை உட்கார வைத்து, அதன் ரகசியத்தை அவரே விளக்கினார்.

"தங்கச்சி, ஒரு புத்தகத்துல ஒரு வரியைத் தேடணும்னா முதல் பக்கத்துலேர்ந்தா படிப்பாங்க? மத்தவன் சர்வரு அப்புடித்தான் படிக்கும். நம்மளுது எல்லாத்தையும் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, எந்தத் துண்டு எங்க இருக்குன்னு மனப்பாடமா வச்சிருக்கு. நீ ஒரு துண்டைக் குடுத்தாப் போதும், டக்குனு இடத்தைப் புடிச்சிரும். புடிச்சப்புறம் அக்கம்பக்கம் சரியா இருக்கான்னு ஒருக்காப் பாத்துக்கும். அவ்வளவுதான்."

"அந்த மனப்பாடம் அழிஞ்சு போனா..."

"சாப்பாடு கேன்டீன்லயே கெடைக்கும்" என்று எழுந்து போனார்.

அவரும் அந்த சர்வர் மாதிரியேதான் வேலை செய்தார் என்பது எனக்கு அப்புறம் விளங்கியது. ஒரு துண்டு காதில் விழுந்தால் போதும், இடத்தைப் பிடித்துவிடுவார். அக்கம்பக்கம் பார்ப்பதை மட்டும் சர்வரிடமே விட்டுவிட்டார்.

சர்வர் அறை எப்போதும் குளிராக இருக்கும். அதனால் பாய் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டிருப்பார். கத்திரி வெயிலில் அதே கோலத்தில் தெருவில் இறங்கி டீ குடிக்கப் போவார். எதிரே வருகிறவர்கள், "காய்ச்சலா பாய்?" என்பார்கள். "வ அலைக்கும் ஸலாம்" என்பார் இவர். சர்வரின் சுவிட்சை யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாது என்று அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். பெருக்க வரும் அக்கா அந்த அறைக்குள் நுழையும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். துடைப்பத்தை எப்படிப் பிடிப்பது என்று அந்த அக்கா கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஒரு நாள் அவர் மனைவி போன் செய்து, "வரும்போது வெங்..." என்றார்களாம். "புரிஞ்சிடுச்சு" என்று வைத்துவிட்டார். எங்கள் கணக்குப் பிரிவில் வெங்கடேசன் என்று ஒருவர் உண்டு. கூச்ச சுபாவக்காரர். அவரை விடாப்பிடியாக வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. வெங்காயத்துக்காகக் காத்திருந்த அந்த அம்மா வாசலில் நின்ற வெங்கடேசனை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு வெங்கடேசன்தான் கடைக்குப் போய் வெங்காயம் வாங்கி வந்தார்.

இன்னொரு முறை எங்கள் இயக்குநர் மேடம் போகிற போக்கில், "பாய், நாளைக்கு கரண்ட்..." என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை ஆய்வுக்கூட வாசலில் லாரியில் ஒரு ஜெனரேட்டர் வந்து நின்று, கல்யாண மண்டபம் போல நாள் முழுக்க உறுமியது. கரண்ட் ஒரு நொடிகூடப் போகவில்லை. மேடம் சொல்ல வந்தது, கரண்ட் ஆபீஸ்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதால் நாளைக்குத் தாமதமாக வருவேன் என்பது.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் என் நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த ஞாயிறு, மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்த அசைவ விருந்துக்கு அழைத்திருந்தேன்.

அன்று காலை அப்பா தானே பட்டினச்சேரிக்குப் போய், படகிலிருந்து இறங்கிய வஞ்சிரத்தைக் கையோடு வாங்கி வந்திருந்தார். பந்தியில் மாப்பிள்ளை குமரன் குனிந்த தலை நிமிராமல் மீன் துண்டுகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய பெரியப்பா போலகத்துக்காரர், குடும்பத்துக்கே பெரியவர். ஒரு துண்டைக் கடித்தார். நிறுத்தினார். மெதுவாக இலையின் ஓரத்தில் வைத்தார்.

"சம்பந்தி, இது என்ன மீனு?"

"வஞ்சிரங்க" என்றார் அப்பா.

"பாறை மீனை வெட்டிப் போட்டுட்டு வஞ்சிரம்ங்கறீங்களா? நான் கடலுக்குப் பக்கத்துல பொறந்து வளந்தவன். என் நாக்குக்குத் தெரியாதா?"

அப்பா கையில் ரசவாளியோடு அப்படியே நின்றார். அவருக்குச் சண்டை போடத் தெரியாது. "நானே போயி வாங்குனேங்க" என்று மட்டும் சொன்னார்.

"மீனுலயே இப்புடின்னா மத்ததெல்லாம் எப்புடியோ. யோசிச்சுத்தான் செய்யணும்" என்று சொல்லிப் பெரியப்பா எழுந்து கை கழுவப் போனார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் குமரனைப் பிடித்திருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், வாய் நிறைய மீனோடு.

அப்போது கடைசி இலையிலிருந்து ஒரு குரல். "இதுக்கு ஏங்க சண்டை? என்ன மீனுன்னு நம்ம சர்வரு சொல்லிட்டுப் போவுது!"

பெரியப்பா திரும்பினார். "ஓட்டல் சர்வருக்கு இதெல்லாம் தெரியுமா?"

பாய் ஒரு துண்டு மீனை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டார். "தங்கச்சி, நீ பொண்ணு வீடு. நீ தொடக்கூடாது. நானே பாத்துக்கறேன்." இங்கேதான் வினை. அவருக்கு கம்ப்யூட்டர் தெரியும், மீனைத் தெரியாது. வழியில் பசித்ததால் சதையைத் தின்றுவிட்டு, மேலிருந்த மொறுமொறுப்பை மட்டும் சுரண்டி, மரபணு படிக்கும் மெஷின்காரரிடம் கொடுத்திருக்கிறார்.

வரிசை வந்ததும் சர்வரில் தேடினார். கண் சிமிட்டும் நேரம். திரையைப் பார்த்த பாய் குல்லாவைக் கழற்றினார்.

"தங்கச்சி, கோழி!"

"என்ன பாய்?"

"உங்க வீட்டு மீனு, கோழி."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சமையல்காரர் அதே எண்ணெயில் முதலில் கோழி வறுத்திருக்கிறார். "பாய், இருங்க, அந்த எண்ணெ..." என்று ஆரம்பிப்பதற்குள், "புரிஞ்சிடுச்சு, எண்ணு என்கிட்டயே இருக்கு" என்று பெரியப்பாவுக்கே போன் போட்டுவிட்டார்.

போனிலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. "என்னது, கோழியா? பாறைன்னு நெனச்சேன், கோழியை மீனு மாதிரி வெட்டியா போட்டாங்க?"

அன்று சாயங்காலம் குமரன் எனக்குப் போன் செய்தார். பெரியப்பா கல்யாணத் தேதி பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "எனக்கு மீனு ரொம்பப் பிடிச்சிருந்துச்சுங்க. கோழியா இருந்தாலும் பரவால்ல" என்றார். இவரை விட்டுவிடக் கூடாது என்று எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

நல்ல வேளை, அந்த மீனின் தலையைக் குழம்புக்காக அம்மா ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். விருந்துச் சண்டையில் குழம்பு வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. இந்த முறை பாயைக் கிட்டே விடாமல், மெஷின்காரரே பச்சைச் சதையில் துளி எடுத்தார். வரிசை வந்த நாளில் பெரியப்பா, குமரன், அப்பா மூவரையும் பாய் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். "எல்லாரும் கண்ணால பாத்துரட்டும்" என்றார்.

சர்வர் அறையின் குளிரில் பெரியப்பாவுக்குப் பல் கிட்டியது. பாய் தன் குல்லாவை அவருக்கு மாட்டிவிட்டார். பிறகு வரிசையைக் கொடுத்து ஒரு பட்டனைத் தட்டினார். பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் திரையில் பதில்.

"வஞ்சிரம்!" என்றார் பாய், பிள்ளை முதல் மார்க் வாங்கிய தகப்பன் மாதிரி.

பெரியப்பா அப்போதுதான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, அதுக்குள்ளயா? பட்டனைத் தொட்டீங்க, வஞ்சிரம்ங்கறீங்க. எங்க தேடுச்சு அது? ஒரு பொண்ணு தேடவே நாங்க வருஷக்கணக்கா அலைஞ்சோம். போன தடவையும் இப்புடித்தான் டக்குனு கோழின்னு சொல்லுச்சு. இவ்வளவு சீக்கிரம் வர்றது எப்புடிங்க சரியா இருக்கும்?"

சர்வரின் வேகத்தைக் குறை சொன்ன ஒரு பேராசிரியரோடு பாய் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. அவர் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். அப்போது அப்பா அவர் கண்ணில் பட்டார். சுவரோரமாக நின்று, தோள் துண்டை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி.

பாய் வாயை மூடிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எதையோ தட்டினார். சர்வரின் இரைச்சல் மெல்ல இறங்கியது.

"பாய்! சர்வரை நிறுத்திட்டீங்களா?"

"மனப்பாடத்தை எல்லாம் எறக்கிட்டேன். இப்ப பழைய முறையில ஒண்ணொண்ணா, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாக்கப் போவுது. ஐயா, உக்காருங்க. நேரமாகும்."

உண்மையிலேயே நேரமானது. திரையில் ஒவ்வொரு உயிரின் பெயராக ஊர்ந்தது. பாய் ஓட்டல் சர்வர் போலவே தட்டில் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். "இப்ப தவளையோட ஒத்துப் பாக்குது."

"தவளை இல்லன்னு சொல்லுங்க!" என்றார் பெரியப்பா.

"அதுவே சொல்லும்யா. இப்ப ஆமை."

"ஆங், இப்பத்தான் வேலை செய்யுது" என்று பெரியப்பா திருப்தியாக டீயை ஊதினார்.

இதற்குள் வெளியூரிலிருந்து போன் மேல் போன். சர்வருக்கு என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடமெல்லாம் பாய், "கல்யாண வேலையா இருக்குங்க, நாளைக்கு வரும்" என்று சொல்லி வைத்தார்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பெரியப்பா அப்பாவிடம், "உங்க பக்கம் வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா?" என்றார். வந்தது, ஆனால் கடைமடைக்கு வரவில்லை என்றார் அப்பா. அதிலிருந்து விதை நெல், உரம், எலித் தொல்லை என்று பேச்சு போனது. எலியை ஒழிக்க அப்பா ஒரு வழி சொன்னார். பெரியப்பா குல்லாவைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். பாய் இடையில் மீன் வகைகளுக்கு வந்துவிட்டதாக அறிவித்தபோது, "இருங்க தம்பி, சம்பந்தி பேசிக்கிட்டிருக்காருல்ல" என்று அதட்டினார். குமரனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பதில் வஞ்சிரம் என்றே வந்தது. கோழி எப்படி வந்தது என்பதையும் நான் விளக்கினேன். கோழி வறுத்த எண்ணெயிலேயே மீனையும் பொரித்திருக்கிறார்கள்.

பெரியப்பா துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! அதான் ருசி மாறியிருக்கு. என் நாக்கு பொய் சொல்லல!"

"உங்க நாக்கும் சரி, மீனும் சரிங்க" என்றார் அப்பா. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். வெளியே போகும்போது அப்பாவின் தோளில் பெரியப்பாவின் கை இருந்தது. ஆவணியில் நாள் பார்க்கலாம் என்று அவர் சொன்னது வாசல் வரை கேட்டது.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் இயக்குநர் மேடம் வந்தார். பல ஊர்களிலிருந்து புகார். சர்வர் ஏன் நின்றது என்று கேட்டார்.

நான் முன்னால் போனேன். பாய் என்னை மறைத்துக்கொண்டு நின்றார்.

"என் கவனக்குறைவு மேடம். சர்வர்ல பழுது."

தன் சர்வரில் பழுது என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. மேடமே ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். பிறகு நன்றாகத் திட்டிவிட்டுப் போனார்.

பாய் திரும்பி உட்கார்ந்து, மனப்பாடத்தை முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தார். "போ தங்கச்சி, நெரவி பஸ்ஸு போயிடப் போவுது" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த பஸ்ஸை நான் விட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸையும். ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அந்தக் குளிரில், எல்லாம் ஏறி முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.