மூன்று ஊசியும் ஒரு மச்சினனும்

‘எதிர்ப்பு சக்தி: இல்லை.’

ரத்தப் பரிசோதனைத் தாளை இசக்கிதுரை இரண்டு தடவை படித்தான். தாளில் இருந்தது அவன் பெயர். ரத்தம் மட்டும் மச்சினன் பேச்சிராஜாவுடையது.

கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இசக்கிதுரைக்குச் சலவை வேலை. அழுக்குத் துணியோடு ஊசியும் வரும் என்பதால், அங்கே எல்லாரும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று போட்டு, அது உடம்பில் பிடித்ததா என்று ரத்தமும் பார்க்க வேண்டும். இவனுக்கோ ஊசி என்றாலே உயிர் போய்விடும். மாஸ்க் மாட்டி, தன் பெயரில் மச்சினனை உள்ளே அனுப்பினான். வெளியே பெஞ்சில் இருந்தவன் ஸ்பிரிட் வாடைக்கே மூன்று தடவையும் மயங்கி விழுந்தான். ஒவ்வொரு தடவையும் தோள் வலித்தது. விழுந்த வலி என்று மனைவி வள்ளிமயில் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

ரத்தம் எடுக்க வெளியூர் லேப் ஆள் வந்த அன்று இவன் அந்தப் பக்கமே போகவில்லை. மச்சினன்தான் முகம் வெளுத்துத் திரும்பினான்.

மூன்று ஊசிக்கும் மசியாத உடம்பில் என்ன வியாதியோ! பயந்துபோனவன், உன் தம்பி மெலிந்துவிட்டான், நல்லதாக ஆக்கிப்போடு என்று மட்டும் வள்ளிமயிலிடம் சொன்னான். அவள் தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்தாள். பேச்சிராஜா ஏன் எதற்கு என்று கேட்காமல் குடித்தான்.

குடைந்து கேட்டது வள்ளிமயில்தான். ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று இசக்கிதுரை உளறிவிட்டான். அவள் அழுத அழுகை அடுத்த தெருவுக்குக் கேட்டு, அங்கிருந்து போனில் விளாத்திகுளம் போய்ச் சேர்ந்தது. பேச்சிராஜாவுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை நிச்சயத்தை நிறுத்திவிட்டார்கள்.

"எந்தம்பிய என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

இசக்கிதுரை வேலை போனால் போகட்டும் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஊசி போடும் நர்ஸ் சத்யபிரியாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

"தப்பு என்னோடதுதான் தாயி. எம்பேருல மூணு ஊசியும் மச்சினனுக்குத்தான் போட்டீங்க. அவனுக்கு என்ன சீக்குன்னு பாருங்க."

சத்யபிரியா தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒரு சீக்கும் இல்ல அண்ணாச்சி. மாஸ்க் போட்டா எனக்கு ஆள் தெரியாதா? ‘அத்தான் வெளிய மயங்கித்தான் கெடக்காவ, அவியளுக்கே போட்டுருங்க’ன்னு அவன் மூணு தடவையும் அழுதான். அந்த மூணு ஊசியும் உங்க தோள்லதான் இருக்கு."