இளையவள் வீட்டுச் சீஸ்

"தோலை உரிக்காதேம்மா. தோல் இருந்தாத்தான் உள்ள உருகுறது வெளிய ஓடாம நிக்கும்" என்றார் மூத்தவளின் கணவர்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். வெள்ளைத் தோல் போர்த்திய வட்டச் சீஸ் ஒன்று பலகைமேல் பேசாமல் உட்கார்ந்திருந்தது. கணவரோ சமையலறை வாசலில், தரையின் டைல்ஸ் நிறம் மாறுகிற கோட்டுக்கு அந்தப் பக்கம், கால் விரல்களை ஒட்டி வைத்து நின்றிருந்தார். நான்கு வருடத்துக்கு முன் பால் காய்ச்சுகிறேன் என்று பாத்திரத்தைக் கரியாக்கியதிலிருந்து அதுதான் அவருக்கு எல்லை. மனிதர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடமானாலும் உச்சி வரை போய் வருவார். இந்தக் கோட்டை மட்டும் தாண்டக் கூடாது.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அங்க வச்சுத்தான் தெரியும்."

அங்கே என்றால் அவருடைய தம்பி வீடு. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் அலுவலகப் பயிற்சிக்காக அவள் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தாள். அவர் தம்பி வீட்டில் தங்கினார். அவள் திரும்பி வந்ததும் பயிற்சி எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே? இல்லை. சீஸ் புராணம் ஆரம்பித்துவிட்டது. ஓவனில் வைத்து, மேலே தேன் ஊற்றி, சுடச்சுட ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டார்களாம். நூல் நூலாக வந்ததாம். எதிர் வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டு வாங்கினாராம். இதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு வெட்கம் வேறு.

"அதை யாரு பண்ணினதுன்னு நினைக்கிறே..." என்று அவர் இழுத்தபோதே அவள் மறித்துவிட்டாள்.

"யாரு பண்ணியிருப்பான்னு எனக்குத் தெரியாதா? விடுங்க."

பதினெட்டு வருடமாக இவள் சமைத்துப் போடுகிறாள். எதை வைத்தாலும் "ம்". ரொம்பப் பிடித்துவிட்டால் "ம், ம்". அந்த இரண்டாவது "ம்"முக்காக எத்தனை நாள் அடுப்பில் வெந்திருக்கிறாள்! நேற்று வந்த ஓரகத்தி, அந்தத் தம்பி பெண்டாட்டி இளையவள், ஒரே ஒரு சீஸைச் சுட்டு, அதே வாயிலிருந்து ஒரு மாதத்துக்குத் தீராத பேச்சை வரவழைத்துவிட்டாள். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. ஓவனே தேவைப்படாத அளவுக்கு எரிந்தது.

இன்று மாலை தம்பியும் இளையவளும் வருகிறார்கள். அதே சீஸ், இவள் கையால். அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் எல்லார் முன்னாலும் "நல்லா இருக்கு" என்று முழுசாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குமேல் அவளுக்கு எதுவும் வேண்டாம்.

மானத்தை விட்டுக் காலையில் இளையவளுக்குப் போன்கூடப் போட்டாள்.

"அந்தச் சீஸுக்கு என்ன பக்குவம்?"

"அய்யோ அக்கா, அதுல நான் பெருசா ஒண்ணுமே செய்யல" என்று அவள் சிரித்தாள். "ஏன், அத்தான் சொல்லலையா?"

"சொன்னாரே! ஒரு மாசமா வேற எதையுமே சொல்லல" என்று மூத்தவள் போனை வைத்தாள். ஒன்றுமே செய்யவில்லையாம்! அடக்கத்துக்குக்கூட ஒரு அளவு வேண்டாமா?

"அப்போ அவ செய்யச் செய்ய நீங்க பக்கத்துலயே நின்னீங்களா?" என்று இப்போது வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

"நிக்காம எப்படிம்மா?"

"இங்க ஒரு நாள் நின்னிருப்பீங்களா?"

"நீ உள்ள விட்டாத்தானே!"

அவள் கத்தியை மறுபடி எடுத்தாள். சீஸின் தோலை ஒரு பொட்டு விடாமல் உரித்தாள்.

பத்தே நிமிடம். ஓவனின் கண்ணாடி வழியே பார்த்தால், தட்டில் இருக்க வேண்டியது தட்டைத் தாண்டி ஊர்வலம் கிளம்பியிருந்தது. அடியில் சொட்டியது கருகிப் புகைந்தது.

"சூட்டைக் குறைச்சுட்டு வெளிய எடு. கொஞ்சம் ஆறினா தானா இறுகும்" என்றது கோட்டுக்கு அந்தப் பக்கக் குரல்.

"அவ அப்படித்தான் பண்ணினாளோ?"

"அவளை ஏன் இழுக்குறே? நான் சொல்றது..."

அவள் சூட்டைக் கூட்டினாள். வழிந்ததை வழித்துக் கிண்ணத்தில் போட்டு, ஃபிரிட்ஜில் கிடந்த கெட்டிச் சீஸைத் துருவி மேலே கொட்டினாள். கையோடு தேனையும் ஊற்றினாள்.

"தேன் கடைசியில! இறக்கினப்புறம்!" அவர் ஒரு காலைத் தூக்கிவிட்டார். அவள் திரும்பிப் பார்த்ததும் கால் பழைய இடத்துக்கே போய்விட்டது.

"என்ன நுணுக்கமா கவனிச்சிருக்கீங்க! அவ கையில வளையல் எத்தனை, அதையும் சொல்லிடுங்களேன்."

தேன் கருகியது. அதன் அடியில் இருந்ததை ஸ்பூனால் குத்தினாள். ஸ்பூன் நின்றது.

"பால் மட்டும் ஊத்திடாதே" என்று அவர் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

ஒரு டம்ளர் பால் ஊற்றினாள். சீஸ் ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பாகப்பிரிவினை ஆனது. இரண்டையும் சேர்த்துவைக்க நாலு ஸ்பூன் சோள மாவைத் தூவிக் கிளறினாள். கை வலித்ததே தவிர எதுவும் சேரவில்லை. அழைப்பு மணி அடித்தது.

கொழுந்தன் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், நல்ல பசியோடு. "வாங்க" என்பதற்குள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். இளையவள் மூக்கை உறிஞ்சி, "வாசனை... வருதுக்கா" என்றாள். என்ன வாசனை என்று சொல்லவில்லை.

மூத்தவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். கொழுந்தன் ரொட்டித் துண்டை அழுத்தித் தொட்டு இழுத்தார். ரொட்டி வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். கிண்ணமும் சேர்ந்து வந்தது. கணவர் எழுந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, தம்பி இழுக்க, ஒருவழியாக ஒரு துண்டு அறுந்து வந்தது. அதை வாயில் போட்டவர் மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"நல்லா இருக்குக்கா" என்றாள் இளையவள், கண்ணில் நீர் முட்ட.

கேலி செய்கிறாள் என்று மூத்தவளுக்கு நெஞ்சு குமுறியது. கணவரைப் பார்த்தாள். அவர் தன் பங்கைக் குனிந்த தலை நிமிராமல் தின்று முடித்தார். ஒரு வார்த்தை இல்லை. "ம்" கூட இல்லை. இத்தனை வருடத்தில் அந்த ஒற்றை "ம்" வராமல் போனது இதுதான் முதல் தடவை.

"ஏன் வாயை மூடிட்டு இருக்கீங்க? சொல்லிடுங்க" என்றாள். "அந்தக் கை வேற, இந்தக் கை வேற. அந்தப் பக்குவம் எனக்கு இந்த ஜென்மத்துல வராது. அதானே?"

கணவர் வாயைத் திறந்தார். இளையவளைப் பார்த்தார். மூடிக்கொண்டார். இளையவள் சட்டென்று தண்ணீர் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அந்தப் பார்வையும் மூத்தவள் கண்ணில் படாமல் இல்லை.

அப்போதுதான் கொழுந்தன் கடைசி வாயைக் கஷ்டப்பட்டு விழுங்கி முடித்தார். அதுவரை மேஜையில் நடந்த எதுவும் அவர் காதில் ஏறியிருக்கவில்லை. அண்ணன் தோளில் ஆறுதலாகக் கை போட்டார்.

"என்னண்ணே, எங்க வீட்டுல அவ்ளோ பிரமாதமா செஞ்சு போட்டே, இன்னிக்கு உன் சொந்த வீட்டுல ஏன் இப்படிச் சொதப்பிட்டே?"