ஒடிசாவுக்கு முன் ஒரு வாரம்

“ஊறுகா பாட்டில் மூடிய நல்லாத் திருகுங்க, எறும்பு ஏறுது” என்றாள் மனைவி சாலம்மாள். ஆரோக்கியராஜ் திருகினார். அரை மணி நேரத்தில் அவள் சமையலறையில் சரிந்து விழுந்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பின் எட்டு மாதம், அந்த வீட்டில் ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவரால் உட்கார முடியவில்லை. ஓய்வு பெற்ற கண்டக்டர். யாருடைய பஸ்ஸிலாவது ஏறி ஒகேனக்கல் போவார். அருவியைப் பார்க்காமலே திரும்புவார். கடைசியில் ஒடிசா மலைக்கிராமங்களில் ஊழியம் செய்ய விண்ணப்பித்தார்.

“மொதல்ல வத்தல்மலையில ஒரு வாரம் தங்குங்க. ரிப்போர்ட் நல்லா இருந்தா மூணு வருசம் ஒடிசா” என்றார் பயிற்சி மையத்துப் பிரதர். விதிகளும் தந்தார். போதிக்கக் கூடாது, மக்களிடம் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். தருவதை மறுக்கக் கூடாது. சொந்தக் கதை பேசக் கூடாது.

மூன்று வருடம் வீட்டுப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. ஆரோக்கியராஜ் அன்றைக்கே பை கட்டினார்.

மலையில் அர்ச்சுனன் என்ற விவசாயி இடம் கொடுத்தார். பையை இறக்கியதும், “ஒரு வாரத்துக்கு மேலயும் இருக்கலாமுங்களா?” என்று கேட்டார் ஆரோக்கியராஜ். பிறகு நோட்டைத் திறந்தார்.

“வூட்டுல எத்தன பேருங்க? தண்ணி எங்கிருந்து வருது?”

“ஆறு பேருங்க. பைப்பு ரெண்டு மாசமா வரலீங்க சார். எழுதிக்கங்க.”

எழுதினார். மறுநாள் காலை வாசலில் பதினோரு பேர் மனுவோடு நின்றார்கள்.

“நான் அதிகாரி இல்லீங்க.”

“போன தடவ நெலம் அளக்க வந்தவரும் இதத்தாங்க சொன்னாரு” என்றார் எதிர்வீட்டுக் குரு.

நோட்டால்தான் வினை என்று அதைப் பைக்குள் போட்டார். உடனே, “அர்ச்சுனன் மனு மட்டும் பைக்குள்ள போயிருச்சு” என்று பேச்சு கிளம்பியது. பாரபட்சம் இல்லை என்று காட்ட, குரு வீட்டிலும் சாப்பிட்டார். அங்கேயும் களிதான். நான்காம் நாள் ஒரு வேளைக்கு மூன்று வீடு. ஐந்தாம் நாள் வயிறு மறுத்துவிட்டது, மூன்றாவது வீட்டை விட்டுவிட்டுப் படுத்தார்.

மூன்றாவது வீட்டுப் பாஞ்சாலி தேடி வந்துவிட்டாள். “எங்க வூட்டு ராகி மட்டும் ஆகாதுங்களா?”

விதி ஞாபகம் வந்தது. எழுந்து போய் இரண்டு உருண்டை தின்றார்.

ஆறாம் நாள் பை கொள்ளாத மனுக்கள். இதைப் பார்த்தால் பிரதர் என்ன நினைப்பார்? ஆரோக்கியராஜ் டீக்கடைக் கண்ணம்மாளிடம் போய், கடைசி விதியை உடைத்தார்.

“அக்கா, நான் கவர்மென்ட் ஆளு இல்ல. ஊழியப் பயிற்சிக்கு வந்தவன். சம்சாரம் போயிட்டா. பிரதர் இந்த நோட்டப் பாத்து மார்க்குப் போட்டாத்தான் ஒடிசா. ஊருக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.”

கண்ணம்மாள் டீயை நிதானமாக ஆற்றி அவர் முன் வைத்தாள்.

“பயிற்சிக்குன்னு வந்ததுல நீங்க ஒம்போதாவது ஆளுங்க சார், மனுக் குடுத்து, களி போட்டு, மார்க்குப் போடறதே நாங்கதான், வந்ததும் ஒரு வாரத்துக்கு மேலயும் இருக்கலாமான்னு நீங்க கேட்டப்பவே, ‘ஆளு நல்லவரு, ஆனா எங்களத் தேடி வரல, அவரு வூட்ட வுட்டு ஓடி வந்துருக்காரு’ன்னு மொத நாளே பிரதருக்குச் சொல்லிட்டோம், அத இன்னும் மாத்தல.”