அவருக்கு வந்தால்தான்

பதினோராம் எண் ஆட்டக்காரருக்கு வரவில்லை. ஆட்டம் முடிந்து ஒன்றரை மணி நேரமாகியும் ஒரு சொட்டுகூட வரவில்லை.

அவருக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவருக்கு அன்றுதான் வேலையில் முதல் நாள். பல நாட்டு ஹாக்கி அணிகள் மோதும் அந்தத் தொடரில், ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் சீட்டுக் குலுக்கி ஒரு வீரரைப் பிடிப்பார்கள். ஊக்கமருந்து ஏதாவது சாப்பிட்டிருக்கிறாரா என்று பார்க்க அவர் சிறுநீர் கொடுத்தாக வேண்டும். கொடுக்கும்வரை அவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் உண்டு. மைதானத்தில் அந்த ஆளுக்கு 'நிழல்' என்று பெயர். மரியாதைக்கு நாம் நிழலார் என்று வைத்துக்கொள்வோம்.

நிழலார் எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர். மனைவியின் அண்ணன் நாலு பேரிடம் பல்லைக் காட்டி வாங்கிக்கொடுத்த வேலை இது. விதி ஒன்றே ஒன்றுதான். வீரர் ஒரு நொடி கண்ணிலிருந்து மறைந்தாலும் வேலை போய்விடும். மச்சான் அதை மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

பதினோராம் எண் நெடுநெடுவென்று உயரம். முகம் மட்டும் எழவு வீட்டுக்குப் போய்வந்த முகம். கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கைக் கம்பத்துக்கு வெளியே தட்டிவிட்டு, ஒரு கோல் வித்தியாசத்தில் அணியைத் தோற்கடித்துவிட்டு வந்திருந்தார். அவர் மொழி இவருக்குத் தெரியாது, இவர் மொழி அவருக்குத் தெரியாது. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று என்பதால் அது பெரிய குறையாக இல்லை. நிழலார் புருவத்தை உயர்த்துவார். அவர் உதட்டைப் பிதுக்குவார்.

முதலில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். தனியாகக் குடிக்க அவர் தயங்கியதால், துணைக்குத் தானும் ஒரு பாட்டிலைத் திறந்தார். அவர் ஒரு வாய் குடித்தால் இவர் மூன்று வாய் குடித்துக் காட்டினார். அவருக்கு ஒன்றும் இவருக்கு மூன்றுமாகப் பாட்டில்கள் உள்ளே போனதும் ஒருவருக்கு முட்டிக்கொண்டு வந்தது. அது பதினோராம் எண் அல்ல.

நிழலார் மெல்ல, மாதிரியை வாங்கி முத்திரை வைக்க உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவின் மேசையருகே போனார்.

"டாக்டரம்மா, ரெண்டே நிமிஷம் இவரைப் பார்த்துக்கறீங்களா? ஓடிப் போயிட்டு வந்துடறேன்."

"நான் கையெழுத்துப் போடற ஆளுங்க. பார்க்கற ஆள் நீங்கதான். இந்த ரூம்ல இருக்கற டாய்லெட்டும் வீரருக்கு மட்டும்தான். அப்புறம், இனிமே அவருக்குத் தண்ணி கொடுக்காதீங்க. நீர்த்துப் போச்சுன்னா முதல்லேர்ந்து மறுபடி எடுக்கணும்."

முதலிலிருந்து என்ற சொல் நிழலாரின் அடிவயிற்றில் போய் விழுந்தது.

சரி, ஆளையே கூட்டிக்கொண்டு நடைவழியின் கோடியில் இருக்கும் கழிப்பறைக்குப் போய்விடலாம், கண்ணிலிருந்தும் மறையமாட்டார் என்று யோசனை தோன்றியது. கையைப் பிடித்து எழுப்பினார். கதவு வரை சமர்த்தாக வந்த பதினோராம் எண், வெளியே யாரோ தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டதும் விருட்டென்று திரும்பி வந்து, நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரொம்பக் கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நிழலார் இரக்கப்பட்டார்.

அந்தக் கனைப்புக்குச் சொந்தக்காரரே கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். தடித்த கழுத்தோடு இருந்த அந்த அணியின் பயிற்சியாளர். முடிந்ததா என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். பதினோராம் எண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கோணலாக்கினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் தானாக வரும் என்று எங்கோ கேள்விப்பட்டது நிழலாருக்கு நினைவு வந்தது. கைகழுவும் தொட்டியின் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டார். பதினோராம் எண் அசையவில்லை. நிழலாருக்குத்தான் கால்கள் பின்னிக்கொண்டன. அவசரமாக மூடப்போனதில் குழாயின் திருகு கையோடு வந்துவிட்டது. தண்ணீர் இப்போது சோவென்று கொட்டியது. போதாக்குறைக்கு அடுத்த ஆட்டத்துக்குத் தரையை நனைக்க மைதானத்தைச் சுற்றிலும் பெரிய தெளிப்பான்களைத் திறந்துவிட்டார்கள். ஜன்னல் முழுக்கத் தண்ணீர்.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"இன்னும் வரலையா?"

"வரலடி. ரெண்டு மணி நேரமா என்னென்னமோ பண்ணிப் பார்த்துட்டோம்."

"நான் உங்களைக் கேட்டேன்."

"அவருக்கு வந்தாதான் நான் வர முடியும். எனக்கு எப்பவோ வந்தாச்சு."

வேலையில் சேர்ந்த முதல் நாளே யாரோடு உட்கார்ந்து என்ன குடிக்கிறார் என்று அண்ணனிடம் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

நிழலாருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார். ஒன்றை விட்டால் எல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. வேலையா, வேட்டியா என்ற நிலைமைக்கு அவர் வந்துவிட்டார்.

அப்போது அணியின் பஸ் ஓட்டுநர் தலையை நீட்டினார். ஒரு வாரமாக அவர்களோடு சுற்றியதில் அவர்கள் பேச்சில் பத்து வார்த்தை கற்றுக்கொண்டிருந்தார். அதில் ஐந்தாறைப் பதினோராம் எண்ணிடம் சொன்னார்.

பதினோராம் எண்ணின் முகம் மலர்ந்தது. துள்ளி எழுந்து, குப்பியை வாங்கிக்கொண்டு, நிழலாரைத் தானே கையைப் பிடித்துக் கழிப்பறைக்குள் இழுத்துப்போனார். அரை நிமிடத்தில் குப்பி விளிம்பு வரை நிரம்பிவிட்டது. அப்புறமும் நிற்கவில்லை. நிழலார் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணிமைக்காமல், கடைசிச் சொட்டு வரை பார்த்தார்.

அளவும் சரி, அடர்த்தியும் சரி என்று டாக்டரம்மா முத்திரை வைத்தார். நிழலார் கையெழுத்துப் போட்ட பேனா மேசையில் விழுவதற்குள் நடைவழியின் கோடியில் இருந்தார்.

திரும்பி வந்தபோது அவர் புது மனிதர். டாக்டரம்மா, இவ்வளவு பொறுமையான ஆளைப் பார்த்ததில்லை என்றும், இறுதி ஆட்டம் வரை அவரையே வைத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டதாகவும் சொன்னார். வேலை நிலைத்துவிட்ட சந்தோஷத்தில் நிழலார் ஓட்டுநரைத் தேடிப் பிடித்து, பையிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்தார்.

"அண்ணே, அந்த வார்த்தையை எனக்கும் சொல்லிக்கொடுங்க. நாளைக்கு வர்ற ஆளுக்கும் வரலைன்னா உதவும்."

"நாளைக்கு வர்ற ஆளுக்கு அது உதவாது சார்," என்றார் ஓட்டுநர். "பெனால்டிய விட்டதுக்குத் திட்டணும்னு வாசல்லயே காத்துக்கிட்டிருந்த கோச்சை முதல் பஸ்ல ஏத்தி அனுப்பியாச்சு, இனி அடக்கிக்கிட்டு உட்கார வேண்டாம்னு சொன்னேன்."